பாழைப் பராமரித்தல்

லண்டனில் லீ பிரிட்ஜ் றோட்டால் ஒருவன் நடந்து போனால், அவனுக்கு வேலை போய்விட்டது அல்லது பஸ்ஸுக்குக் காசில்லை என்று மற்றவர்கள் முடிவுகட்டிய காலம் ஒன்று இருந்தது. 1986இல் நான் அதில் இரண்டாவது வகை. சீமா கணக்காளர் பரீட்சைக்குப் படிக்கப் போகிறேன் என்று ஊரில் சொல்லிவிட்டு வந்து, கிளப்டன் பக்கம் ஒரு பெற்றோல் செற்றில் இரவு வேலை செய்துகொண்டிருந்தேன். விடியப்புறம் வேலை முடிய, லெய்ற்றனில் நாலைந்து பெடியளோடு பங்குபோட்டிருந்த அறைக்கு நடந்து திரும்புவேன். பக்கத்தால் 48ஆம் நம்பர் பஸ் போகும். அதில் ஏறாமல் விட்ட காசு வாரக் கடைசியில் ஒரு கோழியாக மாறும்.

இப்போது அந்த றோட்டால் நடக்கிறவர்கள் எல்லோருமே வசதியானவர்கள். காலில் விலைகூடிய சப்பாத்து, காதில் ஏதோ ஒன்று, கையில் அடி எண்ணுகிற மணிக்கூடு. மகன் எனக்கும் ஒன்று வாங்கிக் கட்டிவிட்டிருக்கிறான். சொன்ன கணக்குக்கு நடந்து முடித்தால் அது கையில் நடுங்கிப் பாராட்டும். அந்தக் காலத்தில் இதே தூரத்தை நடந்தபோது நடுங்கியது நான்தான், குளிருக்கு. 48ஆம் நம்பரை 2019இல் நிறுத்திவிட்டார்கள். ஏறுகிற ஆட்கள் குறைந்துபோனார்கள் என்றால் அதில் என் பங்கும் உண்டு.

அந்த றோட்டு லீ ஆற்றைக் கடக்கிற இடத்தில், பாலத்தடியில், நீளமான செங்கல் மதில் ஒன்று போகும். மதிலுக்கு மேலால் மரங்களின் தலை மட்டும் தெரியும். பூட்டிய இரும்புக் கேற். ஆழமான தண்ணீர், உள்ளே வராதே என்று ஒரு பலகை. அந்தப் பலகையின் பெயிண்டே உரிந்து, உள்ளே வருகிறவர்கள் வரட்டும் என்ற நிலைமையில்தான் இருந்தது. ஆனாலும் எங்களைப்போன்ற ஆட்கள் பலகை வாசித்தால் கேட்டு நடக்கிறவர்கள். அதற்கு முந்தின வருடம்தான் பிரித்தானியா இலங்கைக்காரர்களுக்கு விசா வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்திருந்தது. பொதுநலவாய நாடுகளிலே அந்த மரியாதை முதன்முதலில் கிடைத்தது எங்களுக்குத்தான். 1987இல் ஹாரிச் துறைமுகத்தில் 'ஏர்ல் வில்லியம்' என்ற பழைய பயணிகள் கப்பலைக் கட்டிவைத்து அதற்குள் எங்கள் பெடியள் பலரை அடைத்திருந்தார்கள். 1987 ஒக்ரோபர் புயல் கப்பலைக் கயிறறுத்துக் கொண்டுபோன பிறகுதான் அவர்களை வெளியில் விட்டார்கள். அப்படியான காலத்தில் மதிலேறிப் பார்க்கிற எண்ணம் யாருக்கு வரும்?

வந்தது ஒருவருக்கு. எங்கள் அறையில் மூத்தவராக ஒரு அண்ணை இருந்தார். கிளிநொச்சிப் பக்கம் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் ஓவசியராக வேலை செய்தவர். லண்டனில் ஒரு ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவினார். ஒருநாள் என்னோடு நடந்து வரும்போது கேற்றின் இடுக்கால் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, இது என்னெண்டு தெரியுமோ?"

"பழைய ஜெயில் போலக் கிடக்கு, அண்ணை."

"ஜெயில் இல்லையடா. தண்ணி வடிக்கிற இடம். உந்தப் பத்தைக்குக் கீழை மணல் கிடக்கும், மணலுக்குக் கீழை சல்லி, அதுக்குக் கீழை செங்கட்டி வாய்க்கால். இவங்கள் வாந்திபேதியிலை செத்துச் செத்துத்தான் இதைப் படிச்சவங்கள்."

அவர் சொன்னது அவ்வளவும் சரி. பின்னாளில் வாசித்துத் தெரிந்துகொண்டேன்.

1806இல் தொடங்கிய ஈஸ்ற் லண்டன் வோட்டர்வேர்க்ஸ் கம்பெனி லீ ஆற்றுத் தண்ணீரை எடுத்துக் கிழக்கு லண்டன் ஏழைகளுக்கு விற்றது. அதே ஆற்றில்தான் அந்த ஏழைகளின் கக்கூசும் போய் விழுந்தது. 1849 வாந்திபேதிக்குப் பிறகு நாடாளுமன்றம் விழித்துக்கொண்டு, 1852இல், லண்டனுக்கு வீட்டுத் தண்ணீர் கொடுக்கிறவர்கள் அதை வடிகட்டித்தான் கொடுக்கவேண்டும் என்று சட்டம் போட்டது. லீ பிரிட்ஜின் வடிகட்டித் தொட்டிகள் அப்படி வந்தவை. ஆற்றுக்கு மேற்கே பழைய மிடில்செக்ஸ் மாவட்டம், கிழக்கே எஸெக்ஸ். அதனால் மேற்கில் உள்ளவை மிடில்செக்ஸ் தொட்டிகள், கிழக்கில் பின்னர் கட்டியவை எஸெக்ஸ் தொட்டிகள்.

அந்தத் தொட்டி வேலை செய்கிற விதத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஆற்றுத் தண்ணீரை மணலின் மேல் மெல்ல விடுவார்கள். அது மணிக்கு ஒரு சாண்கூடக் கீழே இறங்காது. சில நாட்களில் மணலின் மேற்பரப்பில் வழுவழுப்பான ஒரு பாசி ஆடை படியும். தண்ணீரைச் சுத்தமாக்குவது மணல் என்று பார்க்கிறவன் நினைப்பான். பெரும்பங்கு வேலையைச் செய்வது அந்த ஊத்தைதான். அதில் குடியிருக்கிற நுண்ணுயிர்கள் நோய்க்கிருமிகளைத் தின்றுவிடும். ஆடை தடித்துத் தண்ணீர் இறங்க மறுத்தால், தொட்டியை வற்றவிட்டு ஆட்கள் உள்ளே இறங்குவார்கள். சவளால் மேல் மணலை ஒரு விரல் கனத்துக்கு வழித்தெடுத்து, தள்ளுவண்டியில் கொண்டுபோய்க் கழுவி, பிறகு கொண்டுவந்து கொட்டுவார்கள். மழையில், பனியில், நூறு வருடத்துக்கு மேலாக. புல் ஒன்று முளைத்தாலும் அது குற்றம். அதைப் பிடுங்கவே சம்பளம் வாங்கிய ஆட்கள் இருந்தார்கள். இதை நினைவில் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.

வடிகட்டித் தொட்டி கட்டியதோடு கதை முடிந்திருந்தால் கம்பெனிக்கு நல்ல பெயர். 1866இல் கிழக்கு லண்டனில் மறுபடி வாந்திபேதி வந்தது. 5,500க்கு மேற்பட்ட சனம் செத்தது. லண்டனின் மற்றப் பகுதிகளுக்குப் புதிய கழிவுநீர்க் குழாய்கள் வந்திருந்தன. கிழக்கில் மட்டும் வேலை முடிந்திருக்கவில்லை. ஏழைகளின் பக்கம் கடைசியில்தானே வரும். பதிவாளர் அலுவலகத்தில் புள்ளிவிபரம் பார்த்த வில்லியம் ஃபார், செத்தவர்களில் பெரும்பாலோர் ஒரே கம்பெனியின் தண்ணீர் குடித்தவர்கள் என்று கண்டுபிடித்தார். கம்பெனியின் பொறியியலாளர் சார்ள்ஸ் கிறீவ்ஸ் உடனே பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார்: வடிகட்டாத தண்ணீர் ஒரு துளியும் எங்கள் குழாயில் போனதில்லை என்று. ஆனால் இரண்டு வீட்டுக் குழாய்களில் விலாங்கு மீன் வந்து விழுந்திருந்தது. மணலுக்குள்ளால் நீந்திவரும் விலாங்கு உலகத்தில் இல்லை. விசாரணையில் உண்மை வந்தது. லீ பிரிட்ஜில் வடிகட்டிய தண்ணீரை ஓல்ட் ஃபோர்ட் என்ற இடத்தில் மூடிய தேக்கங்களில் சேமித்தார்கள். பக்கத்தில் பழைய திறந்த தேக்கமும் இருந்தது. தண்ணீர் காணாதபோது அதையும் சிலதடவை திறந்துவிட்டிருக்கிறார்கள்.

ஜோன் ஸ்னோ என்ற டொக்டர், வாந்திபேதியை நிறுத்த சோஹோவில் தண்ணீர்ப் பம்பின் பிடியைக் கழற்றவைத்த கதையை இங்கே ஆரம்பப் பள்ளிக்கூடத்திலேயே படிப்பிக்கிறார்கள். என் பேத்தி அதை நடித்தே காட்டுவாள். அது 1854. பன்னிரண்டு வருடம் கழித்து, அவள் வசிக்கிற பகுதிக்குப் பக்கத்திலேயே நடந்ததை அவளுக்கு யாரும் சொல்லவில்லை. கம்பெனி பொய் சொன்ன கதையை நடித்துக் காட்டுவது கடினமாக இருக்கலாம்.

அவளைக் கூட்டிக்கொண்டு போன ஒரு தடவை, அங்கே நிறுத்தியிருக்கிற விளக்கப் பலகையை வாசித்துவிட்டு, "அப்பப்பா, உங்கட ஊரிலை தண்ணிக்கு ஃபில்ரர் இருந்ததா?" என்று கேட்டாள். இருந்தது என்றேன். குடத்தின் உட்பக்கம் தேத்தாங்கொட்டையை உரசிவிட்டால் கலங்கல் அடியில் படியும். மற்றப்படி யாழ்ப்பாணத்தில் ஆறே கிடையாது. வழுக்கையாறு என்று ஒன்று உண்டு. மாரியில் மட்டும் ஆறாக இருந்துவிட்டு மற்ற மாதங்களில் வயலாகிவிடும். எங்களுக்கு எல்லாம் கிணறுதான். சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் மழை இறங்கி ஊறுகிற தண்ணீர். மணல் தொட்டியும் வேண்டாம், கம்பெனியும் வேண்டாம்.

ஆனால் காவல் இருந்தது. அதை அவளுக்கு அன்று சொல்லவில்லை. எங்கள் ஊர்க் கிணறுகளில் யார் துலாவைத் தொடலாம், யார் தள்ளிநின்று வாளியோடு காத்திருக்கவேண்டும் என்பதற்குப் பலகையே தேவைப்படவில்லை. எல்லோருக்கும் மனப்பாடம். யாராவது பெரியமனம் பண்ணி அள்ளி ஊற்றும் வரை வெயிலில் நின்ற சனத்தை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். அதனால், வெள்ளைக்காரன் தண்ணீரைச் சுற்றி மதில் கட்டினான் என்று நியாயம் பேச எனக்கு வாய் வருவதில்லை. அவன் கட்டியதாவது செங்கல்லில், ஒருநாள் உடைக்கலாம்.

கம்பெனிகளின் 'இல்லை'யும் எங்களுக்குப் பழக்கம் இல்லாததல்ல. சில வருடங்களுக்கு முன் சுன்னாகத்தில் கிணற்றுத் தண்ணீரில் எண்ணெய் மிதந்தது. பக்கத்து மின்நிலையத்தின் கழிவெண்ணெய் என்று சனம் வாளியோடு வந்து காட்டியது. தண்ணீரில் எண்ணெய் இல்லை என்று நிபுணர் குழு அறிக்கையும் ஒன்று வந்தது. 2019 ஏப்ரலில் கொழும்பில் உயர் நீதிமன்றம் அந்த மின்நிலையத்தை நடத்திய நிறுவனத்தை இரண்டு கோடி ரூபா இழப்பீடு கட்டச் சொன்னது. விலாங்குக்கும் எண்ணெய்க்கும் இடையில் நூற்றைம்பது வருடம். கடிதத்தின் வாசகம் மட்டும் மாறவில்லை.

திரும்பி மதிலடிக்கு வருவோம். மிடில்செக்ஸ் தொட்டிகளை 1969இல் மூடினார்கள். வடக்கே கொஞ்சம் தள்ளி, கொப்பர்மில்ஸ் என்ற இடத்தில் பெரிய நவீன சுத்திகரிப்பு நிலையம் வந்துவிட்டதால் இந்தப் பழைய தொட்டிகள் தேவைப்படவில்லை. பம்புகளை நிறுத்தினார்கள், கேற்றைப் பூட்டினார்கள், மறந்துபோனார்கள். மறதி ஒன்றுதான் அங்கே நடந்த பெரிய திட்டம். முதலில் பாசி வந்தது, பிறகு சம்பும் நாணலும். காற்றில் வந்த வில்லோ விதைகள் மணலில் முளைத்தன. ஒரு புல்லுக்கும் இடம் கொடுக்காத தொட்டிகளில் இருபது வருடத்துக்குள் காடு எழும்பிவிட்டது. நானும் அண்ணையும் கேற்றின் இடுக்கால் பார்த்தது அந்தக் காட்டைத்தான். பராமரிக்க ஆளில்லாத அரசாங்கச் சொத்து என்று நினைத்துக்கொண்டோம். அண்ணைக்குக் கோபமே வந்தது. "இரணைமடுக் குளத்தை இப்பிடி விட்டால் எங்கட வேலை போயிடும்" என்றார்.

1988இல் அதை இயற்கைப் புகலிடம் என்று அறிவித்துத் திறந்துவிட்டார்கள். உள்ளே போக ஒரு சதமும் வேண்டாம். எங்கள் அறையில் யாருக்கும் அது தெரியவில்லை. தெரிந்திருந்தாலும், ஓய்வு நாளில் போய்ப் பத்தையைப் பார்க்கிறவன் என்று என்னைத்தான் பகிடி பண்ணியிருப்பார்கள். 2000களின் தொடக்கத்தில் கிழக்குப் பக்கத்து எஸெக்ஸ் தொட்டிகளும் 'வோட்டர்வேர்க்ஸ்' என்ற பெயரில் புகலிடமாகின. அதற்குள் நான் இல்ஃபோர்டுக்கு வீடு மாறி, கார் வாங்கி, நடக்கிற பழக்கத்தை மறந்து, சீனி வியாதியைச் சம்பாதித்திருந்தேன். நடக்கச் சொல்லி டொக்டர் எழுதிக் கொடுத்த பிறகுதான் மதிலுக்கு அந்தப் பக்கம் முதன்முதலில் கால்வைத்தேன்.

மிடில்செக்ஸ் பக்கம் ஆறு தொட்டிகள். நடுவில் வட்டமான கிணறு. எல்லாத் தொட்டியின் தண்ணீரும் ஒருகாலத்தில் அதற்குள்தான் வந்து சேர்ந்தது. நடைபாதைகள் தொட்டிகளுக்கு இடையில் இருந்த பழைய வரம்புகளின் மேலால்தான் போகின்றன, சவளும் தள்ளுவண்டியும் போன அதே வழி. ஒரு தொட்டியில் திறந்த தண்ணீர், ஒன்றில் நாணல் மண்டியிருக்கும், இன்னொன்று முழுக்க வில்லோ. நேராகக் கட்டிய செங்கல் விளிம்பும் அதற்குள் கண்டபாட்டுக்கு வளர்ந்த பச்சையும். இதைக் கட்டிய விக்ரோறியாக் காலத்துப் பொறியியலாளர் பார்த்தால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுவார்.

நினைவில் வைத்திருக்கச் சொன்ன விஷயத்துக்கு இப்போது வருகிறேன். காடு தானாக வந்தது உண்மை. ஆனால் அதை அப்படியே விட்டால், இலை விழுந்து மக்கி, தொட்டி தூர்ந்து, வில்லோ எல்லாத் தண்ணீரையும் குடித்து, நாணலும் அதை நம்பி வந்த குருவியும் போய்விடும். ஆகவே மாரிகாலத்தில் தொண்டர்கள் வருகிறார்கள். இடுப்புவரை றப்பர் காற்சட்டை போட்டுக்கொண்டு குளிர் தண்ணீரில் இறங்கி, நாணலை வெட்டுகிறார்கள், வில்லோவைத் தறிக்கிறார்கள், சேற்றை வழிக்கிறார்கள். ஆற்றங்கரையில் பரவிவிட்ட இமாலயக் காசித்தும்பையைக் கோடையில் வேரோடு பிடுங்குகிறார்கள். அந்தச் செடி ஆசியாவிலிருந்து வந்தது, உள்ளூர்ச் செடிகளின் இடத்தைப் பிடிக்கிறது என்று எனக்கு விளங்கப்படுத்திய வெள்ளைக்காரப் பெண், பாதியில் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் தடுமாறிப்போனார். நான் ஒன்றும் நினைக்கவில்லை. விசா இல்லாமல் வந்த செடிதானே.

ஆக, அன்று அதே தொட்டியில் அதே மாதிரி இறங்கி, அதே மாதிரி வழித்தவனுக்குச் சம்பளம் கொடுத்தார்கள். இடம் சுத்தமாக இருக்கவேண்டும் என்பதற்காக. இன்று சம்பளமில்லாமல் செய்கிறார்கள். இடம் பாழாகவே இருக்கவேண்டும் என்பதற்காக. தொண்டர்களில் பாதிப்பேர் வங்கியிலும் கணினிக் கம்பெனியிலும் வேலை செய்கிறவர்கள். வேலைக் களைப்புத் தீர இதைச் செய்கிறார்களாம். ஓவசியர் அண்ணைக்கு இதை ரெலிபோனில் சொன்னேன். அவர் இப்போது கனடாவில், ஸ்காபுறோவில். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "கூலி குடுக்காமல் ஆள் பிடிக்கிற வித்தை எங்கட திணைக்களத்துக்குத் தெரியாமல் போச்சு" என்றார்.

பறவைகளைப் பற்றிச் சொல்லாமல் இந்த இடத்தைப் பற்றி எழுதினால் இங்குள்ளவர்கள் மன்னிக்கமாட்டார்கள். எஸெக்ஸ் பக்கத்தில் தொட்டிகளுக்கு நடுவில் ஒளிந்திருந்து பார்க்க ஒரு மறைவிடம் கட்டியிருக்கிறார்கள். உள்ளே பத்துப் பதினைந்து பேர் மூச்சுவிடாமல், பெரிய தொலைநோக்கிகளோடு உட்கார்ந்திருப்பார்கள். திடீரென்று ஒருவர் மற்றவரின் முழங்கையைத் தட்டுவார். எல்லாத் தொலைநோக்கியும் ஒரே பக்கம் திரும்பும். மீன்கொத்தி! நான் பார்த்தேன். எங்கள் ஊர்க் குளக்கட்டில் இருக்கிற அதே சின்ன நீல மீன்கொத்தி, இனம்கூட ஒன்றுதான். சாம்பல் நாரையும் அதுவேதான், முக்குளிப்பானும் தாழைக்கோழியும் அவையேதான். சின்ன வயதில் இவற்றுக்கு நாங்கள் கொடுத்த மரியாதை கவண்கல். ஐயாயிரம் மைலுக்கு மேல் தள்ளி வந்து, குரலை அடக்கிக்கொண்டு, வாடகைக்கு எடுத்த கண்ணாடியால் அதே நாரையைப் பார்த்து "ஆகா" என்கிறேன். நாணலுக்குள் மட்டும் எனக்குப் புதிய ஒன்று இருக்கிறது: நாணல் கதிர்க்குருவி. கோடைக்கு ஆபிரிக்காவிலிருந்து வந்து, கூடுகட்டிக் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர் தொடங்க முன்னம் திரும்பிப் போய்விடும். திரும்பிப் போகிற புத்தி அதற்கு இருக்கிறது.

மிடில்செக்ஸ் பக்கத்தில் இன்னொரு காட்சிப்பொருள், பெரிய கருங்கற்களை வட்டமாக அடுக்கி, நடுவில் சிம்மாசனம்போல ஒன்று. 1990இல் பவுலா ஹோக்னி என்ற சிற்பி செய்தது. ஸ்ரோன்ஹெஞ்ச் நினைவில் 'ஹக்னி ஹெஞ்ச்' என்று உள்ளூர்க்காரர் பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். ஏதோ ஆதிகாலத்துச் சடங்குக் கல் என்று நம்பிக்கொண்டு முன்னால் நின்று படம் எடுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவை பம்புகளை ஓட்டிய எஞ்சின் வீட்டின் அத்திவாரக் கற்கள். நீராவி எஞ்சின் ஆடாமல் இருக்கப் போட்டவை. எஞ்சின் போய், வீடு போய், கடைசியில் கல் கலையாகிவிட்டது. கல்யாணப் படம் எடுக்க எங்கள் ஆட்களும் வரத் தொடங்கிவிட்டார்கள். மணப்பெண் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றுக்குள்ளால் வருவதைப் பார்க்க என் மனைவிக்குத்தான் பாவமாக இருந்தது. "இஞ்சருங்கோ, அந்தப் பிள்ளைக்கு ஆரும் சொல்லேல்லையோ இது கக்கூஸ் தண்ணி வடிச்ச இடமெண்டு?" என்றாள். சொல்லவில்லை. சொன்னால் படக்காரரின் பிழைப்புக் கெட்டுவிடும்.

பக்கத்தில் ஹக்னி மார்ஷ் மைதானம். ஞாயிற்றுக்கிழமைகளில் வரிசை வரிசையாகப் பந்தடிப்பார்கள். இரண்டாம் உலகப் போரில் குண்டுபோட்டு இடிந்த கிழக்கு லண்டன் வீடுகளின் கல்லையும் மண்ணையும் கொட்டி உயர்த்திய நிலம் அது. இடிந்த வீட்டின் மேல் பந்தடிக்க ஒரு சமூகத்துக்கு எத்தனை வருடம் வேண்டும் என்று வன்னியைப் பார்த்துவிட்டு வந்த ஒருவர் அங்கே நின்று என்னிடம் கேட்டார்.

இவ்வளவு நடையிலும் என்னை உறுத்துகிற காட்சி ஒன்று உண்டு. உலகத்திலேயே குழாய்த் தண்ணீரை நம்பிக் குடிக்கலாம் என்று ஒரு பெருநகரம் பாடம் படித்த இடங்களில் இது ஒன்று. அந்தப் பாடத்தைக் கடன் வாங்கிய ஊர்களையும் அது காப்பாற்றியது. 1892இல் ஜேர்மனியில் ஹம்பேர்க் நகரம் எல்பே ஆற்றை வடிகட்டாமல் குடித்து 8,000க்கு மேற்பட்டோரை இழந்தது. ஒட்டியிருந்த அல்ரோனா அதே ஆற்றை இதே மாதிரி மணல் தொட்டியில் வடிகட்டிக் குடித்துப் பெரும்பாலும் தப்பியது. அப்படிப்பட்ட தொட்டியின் வரம்பில் நடந்துபோகிறவர்கள் ஒவ்வொருவர் கையிலும் கடையில் வாங்கிய பிளாஸ்ரிக் போத்தல். பிரான்சிலிருந்து, இத்தாலியிலிருந்து லொறியில் வந்த தண்ணீர். குடித்து முடிந்ததும் சிலர் போத்தலைத் தொட்டிக்குள்ளேயே போட்டுவிடுகிறார்கள். அதையும் தொண்டர்கள்தான் பொறுக்குகிறார்கள்.

ஆற்றின் நிலைமை இன்னும் விசேஷம். தனியார் கம்பெனிகள் சரிவராது என்று 1904இல் லண்டன் தண்ணீர் முழுவதையும் ஒரு பொதுச் சபையின் கையில் கொடுத்தார்கள். பொதுத்துறை சரிவராது என்று 1989இல் மறுபடி கம்பெனியாக்கினார்கள். அந்தக் கம்பெனி, தேம்ஸ் வோட்டர், 2025இல் 1,500 கோடி பவுனுக்கு மேல் கடனில் இருந்தது. ஆறுகளில் கழிவுநீர் விட்டதற்கும் விதிகளை மீறிப் பங்குதாரருக்கு இலாபம் பிரித்ததற்குமாக அந்த வருடம் மே மாதம் 12 கோடி பவுனுக்கு மேல் அபராதம் விதித்தார்கள். புகலிடத்தின் வரம்பில் நின்று பார்த்தால் ஒரு பக்கம் தொட்டிகளுக்குள் தெளிந்த தண்ணீர், வாத்துகள், நாணல். மறுபக்கம் லீ ஆறு, மழை பெய்த மறுநாள் மூக்கைப் பொத்தவைக்கிற நிறத்தில். வடிகட்டுவதை நிறுத்திய தொட்டிக்குள் தண்ணீர் நன்றாக இருக்கிறது. வடிகட்டவேண்டிய ஆறுதான் 1850களைப் பார்த்துத் திரும்பிக்கொண்டிருக்கிறது.

லீ பிரிட்ஜ் றயில் நிலையத்தை 1985இல் மூடியிருந்தார்கள்; நான் நடந்ததற்கு அதுவும் ஒரு காரணம். 2016இல் மறுபடி திறந்தார்கள். திறந்ததும் அதைச் சுற்றி மாடிவீடுகள் எழும்பின. 'நீர்நிலை ஓரத்து வாழ்க்கை' என்று விளம்பரம். நாங்கள் அந்த நீர்நிலை ஓரத்தில் நாலைந்து பேராக ஒரு அறையில் வாழ்ந்தபோது அப்படி யாரும் சொல்லித் தரவில்லை. சுவரில் ஈரம் ஊறும், அவ்வளவுதான் தெரியும்.

மிச்சமிருக்கிற ஒரு துண்டு நிலத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். றோட்டோரமாக, தூர்த்து மூடிய தொட்டிகளின் மேல், தண்ணீர்க் கம்பெனியின் பழைய சாமான் முற்றம் ஒன்று இருக்கிறது. பள்ளிக்கூடம் கட்டவென்று அரசாங்கம் அதை வாங்கியது. பள்ளிக்கூடம் வரவில்லை. உள்ளூர்ச் சனம் சேர்ந்து, ஈஸ்ற் லண்டன் வோட்டர்வேர்க்ஸ் பார்க் என்ற பெயரில் அமைப்பொன்று தொடங்கி, அதை விலைக்கு வாங்கப் பொதுமக்களிடம் காசு சேர்க்கிறது. கொங்கிறீற்றைக் கிளப்பி, காடும் நீந்தக் குளங்களும் அமைப்பது திட்டம். என் பேத்தி உண்டியல் உடைத்துக் கொடுத்திருக்கிறாள். கம்பெனிப் பெயரையே எடுத்துப் பூங்காவுக்கு வைத்தது எனக்குப் பிடித்திருக்கிறது. 1866இல் அந்தப் பெயரின் கீழ் செத்தவர்களுக்கு யாரோ ஒரு வகையில் கடன் தீர்க்கிறார்கள். ஆனால் காசு கொடுப்பது பெரும்பாலும் புதிதாக வந்த மாடிவீட்டுக்காரர். ஈஸ்ற்ஹாமிலும் இல்ஃபோர்டிலும் வோல்தம்ஸ்ரோவிலும் இத்தனை ஆயிரம் பேர் இருக்கிற எங்கள் ஆட்களின் பெயரை அங்கே காண்பது அரிது. கோயில் தேருக்குக் கொடுப்பதில் பத்தில் ஒன்றைக் கொடுத்தாலே போதும்.

சனிக்கிழமை வெஸ்ற்ஃபீல்ட் கடைத்தொகுதியில் கார் நிறுத்த இடந்தேடிச் சுற்றுகிறவர்களுக்கு ஒரு செய்தி: ஸ்ரட்ஃபோர்டிலிருந்து லீ பிரிட்ஜுக்கு றயிலில் ஒரே ஒரு தரிப்புத்தான். இறங்கி றோட்டால் கொஞ்சத் தூரம் நடந்தால் முதலில் எஸெக்ஸ் தொட்டிகள், ஆற்றைக் கடந்தால் மிடில்செக்ஸ் தொட்டிகள். உள்ளே போகக் கட்டணம் இல்லை. மாரியில் சேறு கணுக்கால்வரை வரும், நல்ல சப்பாத்தைப் போடாதீர்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள், விலாங்கு மீன் கதையைச் சொல்லுங்கள். தண்ணீர் வீட்டுக் குழாயில் பிடித்துக்கொண்டு போங்கள்.